பேரை மறந்த பொட்டி

வருஷக்கணக்கா ராப்பகலா ஓடின ஒரு பொட்டி. ஒரு நாள் கரண்டு போச்சு. திரும்ப வந்ததும் சுவிட்சைப் போட்டா எழுந்திரிக்க மாட்டேங்குது. உடனே என்ன சொல்லுவோம்? "கரண்டு அடிச்சுட்டுப் போயிருச்சுப்பா!" ஆனா சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்து வொர்க்ஸ்டேஷன்கள்ல பல சமயம் அது உண்மை இல்லை. பொட்டிக்குள்ள ஒரு சின்ன பேட்டரி எப்பவோ செத்துப்போயிருக்கும். கரண்டு இருந்தவரைக்கும் அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அந்த பேட்டரியோட சரித்திரம்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்டி பெக்டோல்ஷைம் வடிவமைச்ச கணினியை வெச்சு, 1982ல் வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்நீலி, பில் ஜாய் எல்லாரும் சேர்ந்து உருவாக்கினதுதான் சன். பேருக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இல்லீங்க. 'ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி நெட்வொர்க்' என்பதன் முதலெழுத்துகள் அது. நெட்வொர்க்தான் கணினி என்பதே அந்தக் கம்பெனியோட தாரக மந்திரம்.

நெட்வொர்க்னு வந்துட்டா ஒவ்வொரு பொட்டிக்கும் தனி அடையாளம் வேணும். ஈதர்நெட் முகவரி ஒண்ணு (சன் பொட்டிகளுக்கு 08:00:20னு ஆரம்பிக்கும்), ஹோஸ்ட் ஐடி இன்னொண்ணு. நம்ம ஊர் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி வெச்சுக்குங்களேன். சன்-2, சன்-3 காலத்தில் இதையெல்லாம் அழியாத ஒரு குட்டி சிப்பில் எழுதி போர்டில் செருகி வெச்சாங்க. அதுக்கு பேட்டரி கீட்டரி எதுவும் வேண்டாம்.

1989ல் ஸ்பார்க்ஸ்டேஷன் 1 வந்தது. பீட்சா டப்பா மாதிரி தட்டையா, மேஜை மேல மானிட்டருக்கு அடியில் அடங்குற அளவு. இடத்தையும் காசையும் மிச்சப்படுத்த, கடிகாரம், செட்டிங்ஸ், அடையாளம் மூணையும் ஒரே சிப்புக்குள்ள போட்டாங்க. அதான் 24 கால் உள்ள எம்கே48டி02. மோஸ்டெக் வழி வந்த சிப். மொத்தக் கொள்ளளவே 2 கிலோபைட். ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20ல் அதோட அண்ணன் எம்கே48டி08, 8 கிலோபைட். சிப் மேலேயே ஒரு கறுப்புத் தொப்பி. அதுக்குள்ள லித்தியம் பேட்டரியும் கடிகாரத்துக்கான கிரிஸ்டலும். எல்லாத்தையும் எபாக்ஸி ஊத்தி மூடிட்டாங்க. கழட்டி மாத்த வழியே கிடையாது. ஆயுசு சுமார் 10 வருஷம்.

இதில் ஒரு புத்திசாலித்தனமும் இருந்தது, அதையும் சொல்லணும். சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். மதர்போர்டு போச்சுன்னா புது போர்டில் பழைய சிப்பைச் செருகினாப் போதும், பொட்டியோட அடையாளமும் கூடவே வந்துரும். 10 வருஷம் கழிச்சும் இந்தப் பொட்டியை யாராவது வெச்சுக்கிட்டு மாரடிப்பாங்கன்னு அவங்க நினைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க.

ஆனா வெச்சிருந்தாங்க. ஸ்பார்க்ஸ்டேஷன் 20 சாதாரணப் பொட்டியா என்ன? 1995ல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தோட காட்சிகளைக் கணக்குப் போட்டு வரைஞ்சது நூத்துக்கும் மேல ஸ்பார்க்ஸ்டேஷன் 20கள்தான். அப்படி உழைக்கிற பொட்டியை யாரு தூக்கிப் போடுவாங்க?

இங்கதான் நுட்பம். கரண்டு இருக்கிறவரைக்கும் சிப் பேட்டரியைத் தொடவே தொடாது, பவர் சப்ளையிலிருந்துதான் குடிக்கும். அதனால பேட்டரி சுத்தமா காலியான பிறகும் பொட்டி ஜம்முனு ஓடும். ரீபூட் பண்ணினாக்கூட ஒண்ணும் ஆகாது. யூபிஎஸ் நல்லா வேலை செய்யுற இடமா இருந்தா, சாவு செய்தி இன்னும் லேட்டாதான் வந்து சேரும்.

கரண்டு முழுசா ஒருமுறை போகட்டும். திரும்ப ஆன் பண்ணினா திரையில், ஐடிப்ராமில் இருக்கிறது செல்லாதுன்னு ஒரு வரி. ஈதர்நெட் முகவரி பூரா எஃப், எஃப்னு வரிசையா நிக்கும். செட்டிங்ஸ் குழம்பினதால ஹார்ட் டிஸ்கை விட்டுட்டு நெட்வொர்க் வழியா பூட் ஆகப் பார்க்கும். அதுக்கு 'ரார்ப்'னு ஒரு முறை இருக்கு, 1984ல் ஸ்டான்ஃபோர்டுகாரங்களே எழுதினது. "என் ஈதர்நெட் முகவரி இதுதான், என் ஐபி முகவரி என்னன்னு யாராவது சொல்லுங்க"ன்னு நெட்வொர்க்கைப் பார்த்துக் கேக்குறது. பாவம், சொந்த முகவரியே மறந்துபோனவன் கேட்டா யாரு பதில் சொல்லுவா? பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிஞ்சுபோச்சுன்னு அதே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கிட்டே இருக்கும்.

எல்லாத்துக்கும் பேட்டரிதான் காரணம்னும் சொல்லிட முடியாது. ஃபேன் சுத்துதா, டிஸ்க் சத்தம் கேக்குதான்னு முதலில் காது குடுத்துக் கேக்கணும். ரொம்ப வருஷம் நிக்காம சுத்தின டிஸ்க் ஒருமுறை நின்னா, ஹெட் தட்டோட ஒட்டிக்கும். கையில் எடுத்து வெடுக்குனு ஒரு திருப்பு திருப்பினா சில சமயம் விட்டுக்குடுக்கும் (உடனே காப்பி எடுத்து வெச்சுரணும்). ஸ்டாப் கீயையும் ஏ-வையும் சேர்த்து அமுக்கினா 'ஓகே'ன்னு ஒரு ப்ராம்ப்ட் வரும். 'ப்ரோப்-ஸ்கஸி' அடிச்சா டிஸ்க் உயிரோட இருக்கான்னு தெரியும். இருந்தா பாதிக் கவலை தீர்ந்தது.

அந்த 'ஓகே' ப்ராம்ப்ட்தான் கதையோட ஹீரோ. மிட்ச் பிராட்லி எழுதின ஓபன்பூட். உள்ள ஃபோர்த்ங்கிற கணினி மொழியே முழுசா இருக்கு! 1994ல் இதையே ஐஇஇஇ 1275னு தரமாக்கினாங்க. பவர்பிசி மேக்குகளிலும் பிறகு இதே வழிதான். டிஸ்க் இல்லாம, ஓஎஸ் இல்லாம, இங்க உட்கார்ந்தே சிப்புக்குள்ள ஒவ்வொரு பைட்டா எழுதலாம். கட்டளையோட பேரு 'எம்கேபி'. மொத்தம் 16 பைட். கடைசி பைட், முன்னாடி இருக்கிற 15ஐயும் எக்ஸார் பண்ணின செக்சம். அது சரியா இருந்தா பொட்டி நம்பிரும். இதை விளக்கின பழைய குறிப்புகளில் உதாரணத்துக்குக் குடுத்த நம்பர் சி0எஃப்எஃப்ஈஈ, அதாவது காபி! உலகம் பூரா மறுஜென்மம் எடுத்த எத்தனையோ சன் பொட்டிகளுக்கு இதே பேருதான். (ரெண்டு காபி ஒரே நெட்வொர்க்கில் இருந்தா சண்டைதான்.)

ஆனா காபின்னு பேரு வெச்சு எல்லாப் பிரச்சினையும் தீராது. பழைய ஹோஸ்ட் ஐடிதான் வேணும்னு அடம்பிடிக்கிற ஆசாமி ஒருத்தர் இருக்கார்: லைசென்ஸ். காசு குடுத்து வாங்கின மென்பொருள் அந்த எட்டு இலக்கத்தைப் பார்த்துதான் கதவைத் திறக்கும். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்தில், ஒரு கரண்டு கட்டுக்கு அப்புறம் இப்படி ஒரு பொட்டி பேரை மறந்து நின்னுச்சு. பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. சொன்ன காலத்துக்கு மேலேயே உழைச்சிருந்தது. மென்பொருள் வித்தவங்ககிட்ட கேட்டா, "அந்த வெர்ஷனுக்கு இப்ப ஆதரவு இல்லை, புதுசு வாங்கிக்குங்க"ன்னுட்டாங்க. பல வருஷத்து வரைபடங்கள் டிஸ்கில் பத்திரமா இருக்கு, திறக்கத்தான் முடியல.

காப்பாத்தினது என்ன தெரியுமா? சிப் தலையில் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கர். அதில் ஈதர்நெட் முகவரியோட கடைசி ஆறு இலக்கம் அச்சாகியிருந்தது. பல பொட்டிகளில் ஹோஸ்ட் ஐடியோட கடைசி ஆறும் அதேதான். முதல் ரெண்டு இலக்கம் மாடலைக் குறிக்கும், ஸ்பார்க்ஸ்டேஷன் 20ன்னா 72. எங்க சீனியர் சின்ன அரத்தால் தொப்பியோட ஓரத்தை ராவி, உள்ள இருந்த பேட்டரிக் கம்பியை வெட்டிவிட்டு, வெளியே ஒரு சிஆர்2032 ஹோல்டரைப் பத்தவெச்சார். கடையில் சல்லிசா கிடைக்கிற அதே காசு பேட்டரிதாங்க. பழைய நம்பரைத் திரும்ப எழுதினதும் லைசென்ஸ் வாயைத் திறக்காம வழிவிட்டுச்சு.

இதில் எனக்கு இன்னிக்கும் உறுத்துற கேள்வி ஒண்ணு உண்டு. இதே கட்டளைகளால அடுத்தவன் பொட்டியோட நம்பரை நம்ம பொட்டியில் எழுதி லைசென்ஸைத் திருடலாம். பண்ணினவங்களும் உண்டு. சொந்த நம்பரைத் திரும்ப எழுதுறது மட்டும் என்ன, போலியா? என்னைக் கேட்டா இல்லை. காசு குடுத்தவனோட உரிமை ஒரு பேட்டரியோட ஆயுசுக்குள்ள முடிஞ்சுபோறது நியாயம் ஆகாது. நம்ம பிசிக்களைப் பாருங்க. பேட்டரி போனா தேதியும் செட்டிங்ஸும்தான் போகும். நெட்வொர்க் முகவரி அழியாத இன்னொரு சிப்பில் இருக்கும். அழியக்கூடாததை அழியுற இடத்தில் வெச்சதுதான் இங்க கோளாறு.

சன் கம்பெனியையே 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கிடுச்சு. பொட்டிகளை இன்னும் ஆசையா வெச்சு ஓட்டுறவங்க இருக்காங்க. உங்க பரணிலும் ஒண்ணு கிடந்தா, இன்னிக்கே மூடியைத் திறந்து அந்த ஸ்டிக்கர் நம்பரைக் குறிச்சு வெச்சுக்குங்க. பொட்டி ஓடிக்கிட்டு இருந்தா 'ஹோஸ்ட்ஐடி'ன்னு அடிச்சு, வர்றதையும் கூடவே எழுதி வைங்க. காகிதத்தில்!

கடைசியா ஒரு சேதி. இரும்பே இல்லாம, மென்பொருளாவே ஸ்பார்க்ஸ்டேஷன் 5ஐ ஓட்டிக் காட்டுற கியூஎமு இருக்கில்லையா? அதுக்குள்ளேயும் இந்த சிப்பை நிரலா எழுதி வெச்சிருக்காங்க. பேரு சொல்ல அது இல்லாட்டி ஆவிகூட எழுந்திரிக்காது போல!