கெடாவிலிருந்து புத்ராஜெயா வரை: மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீடும்

கூட்டரசு நீதிமன்றம் மலேசியாவின் தலையாய நீதிமன்றம். மலாயில் இதை மக்காமா பெர்செகுத்துவான் என்பார்கள். புத்ராஜெயாவில் உள்ள நீதி மாளிகையில் கூடும் இந்த நீதிமன்றத்துக்கு மேல் முறையிட வேறு நீதிமன்றம் கிடையாது. சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிப்பது இதன் வழக்கமான வேலையன்று. கீழ் நீதிமன்றங்களின் பதிவேடு, தீர்ப்புக்கான காரணங்கள், இரு தரப்பு எழுத்து வாதம், வாய்மொழி வாதம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்கிறது. கெடாவின் தென்பகுதியில், சுங்கை பட்டாணிக்கு அருகே இருக்கும் திகாம் பத்து போன்ற தோட்டப்புற ஊரில் எழும் ஒரு வழக்கு இந்த இடத்தை எட்ட முடியும். ஆனால் எல்லா வழக்கும் எட்டாது. எது எட்டும், எது பாதியில் நின்றுவிடும் என்பது இருநூறு ஆண்டு வரலாற்றில் பலமுறை மாறியிருக்கிறது.

ஆற்றின் இரு கரைகள்

மூடா ஆற்றின் தென்கரையில் உள்ள செபராங் பிறை 1800ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1807இல் பிரிட்டிஷ் அரச சாசனத்தின்படி பினாங்கில் நீதிமன்றம் அமைந்தது. 1833இல் லண்டனில் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு சட்டப்படி நிறுவப்பட்டது. பேரரசின் குடியேற்றங்களிலிருந்து வரும் கடைசி மேல்முறையீடு அங்கேதான். வடகரை கெடாவோ சுல்தானின் ஆட்சியில், சயாமின் மேலாண்மைக்கு உட்பட்டு இருந்தது. ஆற்றைக் கடந்தால் சட்டமே வேறு. 1909 மார்ச் மாதம் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தப்படி சயாம் தன் உரிமையை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அதன் பிறகும் கெடா, கூட்டு மலாய் மாநிலங்களோடு சேராமல் தனித்தே நின்றது.

ரப்பர் தோட்டங்கள் சுங்கை பட்டாணி, பெடோங், கூலிம் பக்கம் பரவியதும், அவற்றில் பால் மரம் வெட்டத் தமிழர்கள் வந்து குடியேறியதும் இந்தக் காலத்தில்தான். 1947இல் பெடோங் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, காவல் துறை தலையிட்டு, தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். உள்ளூர் நீதிபதி சொன்னதே அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி வார்த்தை. லண்டனுக்கு வழக்குக் கொண்டுபோகும் செலவு தோட்டக் கூலியின் எல்லைக்குள் எங்கும் இல்லை.

1948இல் மலாயா கூட்டரசு உருவானபோது கெடாவும் மற்ற மாநிலங்களும் ஒரே நீதிமன்ற அமைப்பின்கீழ் வந்தன. உயர் நீதிமன்றம், அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் மேல் பிரிவி கவுன்சில்.

சாம்பசிவம் வழக்கு

அந்தக் கடைசிப் படியைத் தொட்டுப் பிழைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த 1948இல் ஜொகூரில் துப்பாக்கி வைத்திருந்ததாகவும், தோட்டாக்கள் வைத்திருந்ததாகவும் சாம்பசிவத்தின் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் சாட்டப்பட்டன. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணை நடந்தது. முதல் விசாரணையில் காட்டாத ஒரு வாக்குமூலத்தை அரசுத் தரப்பு அப்போது கொண்டுவந்தது. துப்பாக்கி, தோட்டா இரண்டும் தன்னிடம் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. தோட்டா பற்றிய குற்றச்சாட்டில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த அசெசர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவின் மேல்முறையீடு அவரைக் காப்பாற்றவில்லை.

1950இல் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. முறையான நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தால், அதே தரப்பினருக்கிடையே பின்னால் வரும் எந்த நடவடிக்கையிலும் அந்த விடுதலை முடிவானது, கட்டுப்படுத்துவது என்பது லார்டு மெக்டெர்மட் எழுதிய தீர்ப்பின் சாரம். அந்த நெறி இன்றும் பல நாடுகளில் மேற்கோளாகிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1950களிலேயே அதை ஏற்றது. அதே அவசரகாலச் சட்டத்தின்கீழ் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரே காலம், ஒரே வகைக் குற்றச்சாட்டு. மேல்முறையீடு என்னும் ஏற்பாட்டின் அருமையை இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடிகிறது.

லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு

1957இல் விடுதலை வந்த பிறகும் பிரிவி கவுன்சில் தொடர்ந்தது. மேல்முறையீடு மாமன்னருக்குச் செய்யப்பட்டு, லண்டன் நீதிக்குழு அவருக்கு ஆலோசனை கூறும் என்று ஏற்பாடு. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தபோது கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பெயரில் அமைந்தது. 1978 ஜனவரி 1 முதல் குற்றவியல், அரசியல் சட்ட வழக்குகள் லண்டனுக்குப் போவது நின்றது. 1985 ஜனவரி 1 முதல் மீதியும் நின்று, நீதிமன்றத்தின் பெயர் உச்ச நீதிமன்றம் என்றானது.

பெருமைக்குரிய மாற்றம்தான், ஆனால் ஓர் இழப்பும் சேர்ந்தே வந்தது. 1978க்கும் 1994க்கும் இடையில் உயர் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீடு ஒரே ஒருமுறைதான். அதுவும் தள்ளுபடியானால் மிச்சம் மன்னிப்பு மனு மட்டுமே. 1994 ஜூன் 24இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவில் நிறுவப்பட்டு, உச்ச நீதிமன்றம் மறுபடி கூட்டரசு நீதிமன்றம் ஆனபோது அந்தக் குறை தீர்ந்தது.

இடையே 1988 வந்து போனது. நீதித்துறைத் தலைவர் துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்களில் வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவரும் பதவி இழந்தார்கள். அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் 121ஆம் விதி திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற சொற்கள் நீக்கப்பட்டன. ஷரியா நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்குள் வரும் விஷயங்களில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்ற 121(1ஏ) உட்பிரிவும் சேர்ந்தது. இந்த உட்பிரிவின் பலனைக் கெடா வெகு சீக்கிரம் பார்த்தது.

படியேறும் வழி

சிவில் வழக்கில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்று சொன்னால் அனுமதி கிடைக்காது. 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 96ஆம் பிரிவு வேறு விஷயத்தைக் கேட்கிறது: முதன்முறையாகத் தீர்க்கப்பட்ட பொதுவான சட்ட நெறி ஏதேனும் உண்டா, பொது நன்மைக்காக மேலும் வாதிட்டுத் தீர்க்கவேண்டிய முக்கியமான கேள்வி உண்டா, அரசியல் சட்ட விதி ஒன்றின் விளைவு பற்றியதா? வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் துன்பத்தையெல்லாம் சில வரிச் சட்டக் கேள்விகளாக மாற்றி நீதிபதிகள் முன் வைக்கிறார். அனுமதி மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பே இறுதி.

குற்ற வழக்கில் கணக்கு வேறு. உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குகள், அதாவது கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்றவை, அனுமதி கேட்காமலே கூட்டரசு நீதிமன்றம் வரை போகலாம். சுங்கை பட்டாணி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ தொடங்கிய திருட்டு, அடிதடி, கொள்ளை வழக்குகள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தாண்டுவதில்லை. நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர்களின் குடும்பங்கள் ‘புத்ராஜெயாவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நம்பியிருப்பது உண்டு. அவர்களுக்குப் புத்ராஜெயா என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே மாளிகையில் இருப்பதால் வரும் குழப்பம் இது.

அமர்வில் குறைந்தது மூன்று நீதிபதிகள் இருப்பார்கள்; வழக்கின் கனத்தைப் பொறுத்து ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் கூடும். பெரும்பான்மை முடிவே தீர்ப்பு. மாறுபடும் நீதிபதியும் தன் காரணத்தை எழுதி வைக்கலாம். கூட்டரசு நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறு ஆய்வு செய்ய 1995ஆம் ஆண்டு விதிகளில் 137ஆவது விதி வழிவிடுகிறது. ஆனால் மிக அரிதாகவே அது ஏற்கப்படும்.

கெடா தந்த வழக்குகள்

1991 ஜூன் மாதம் கூலிம் காதி முன்னிலையில் ஒரு சீக்கிய இளைஞர் இஸ்லாத்தைத் தழுவினார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். உடலை யாரிடம் ஒப்படைப்பது? செப்டம்பரிலேயே இஸ்லாத்தை விட்டு விலகுவதாக மகன் பத்திரம் எழுதினான் என்று தாய் வாதிட்டார். பத்திரத்தில் இருந்த கையெழுத்து மகனுடையது அல்ல என்றது முதல் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பி, கெடா பத்வா குழுவின் கருத்தைக் கேட்கச் செய்தது. அவர் முஸ்லிமாகவே இறந்தார் என்று குழு பதிலளிக்க, தாயின் மேல்முறையீடு தள்ளுபடியானது. சட்ட நூல்களில் இது தலிப் கவுர் வழக்கு.

அடுத்தது சூன் சிங் வழக்கு. 1988இல் பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர், கணவரை இழந்த தன் தாய்க்குத் தெரியாமல் இஸ்லாத்தில் சேர்ந்தார். வளர்ந்த பின் சீக்கிய சமயத்துக்குத் திரும்பி, தான் முஸ்லிம் அல்ல என்று அறிவிக்கக் கோரி இஸ்லாமிய நல அமைப்பான கெடா பெர்கிமை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மதம் விட்டு விலகுவதை விசாரிக்கும் அதிகாரம் ஷரியா நீதிமன்றத்துக்கு உண்டு என்று கெடாவின் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மதத்தில் சேர்வது பற்றிய அதிகாரத்திலேயே விலகுவதும் உட்கிடையாக அடங்கும் என்று 1999இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. சட்டத்தில் எழுதாததை அதிகாரமாக வாசித்த தீர்ப்பு இது. அடுத்த இருபது ஆண்டு, பல குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் போக்குக்கு வரம்பு கட்டியது ஈப்போவைச் சேர்ந்த ஒரு பாலர் பள்ளி ஆசிரியையின் வழக்கு. 2009இல் அந்த ஆசிரியையான இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மூன்று பிள்ளைகளுக்கும் தாய்க்குத் தெரியாமல் மதமாற்றச் சான்றிதழ் பெற்றார். பால்குடி மறக்காத கடைசி மகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி தந்தது. அங்கே அந்தத் தாயின் வழக்கு மூன்று கேள்விகளாகச் சுருங்கியது: மதம் மாறியோர் பதிவாளரின் செயலை உயர் நீதிமன்றம் ஆராயலாமா? பேராக் சட்டத்தின் 96, 106ஆம் பிரிவுகள் இரண்டையும் நிறைவேற்றியாக வேண்டுமா? பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தால் இருவரின் சம்மதமும் தேவையா?

2018 ஜனவரி 29இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மூன்றுக்கும் ஆம் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி. அரசு அலுவலர் சட்டப்படி நடந்தாரா என்று பார்ப்பது சிவில் நீதிமன்றத்தின் அடிப்படை அதிகாரம். 121(1ஏ) அதைப் பறிக்கவில்லை என்றார் அவர். சூன் சிங் வழக்கு மதத்திலிருந்து வெளியேறுவது பற்றியது, இதுவோ மதமாற்றப் பதிவு செல்லுமா என்பது பற்றியது என்று பிரித்தும் காட்டினார். முந்தைய ஆண்டு செமினி ஜெயா நிலம் கையகப்படுத்தல் வழக்கில் அவரே எழுதிய தீர்ப்பு, 1988 திருத்தத்தால் நீதி அதிகாரம் போய்விடவில்லை என்று நிலைநாட்டியிருந்தது. 2024இல் பெர்லிஸ் மாநில வழக்கு ஒன்றில், தாயின் சம்மதமின்றி நடந்த பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அனுமதி கேட்டபோது, கூட்டரசு நீதிமன்றம் மே 14 அன்று மறுத்தது. 2018 தீர்ப்பு நிலைத்தது.

ஆனால் 2018 தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இந்திரா காந்தி தன் கடைசி மகளைப் பார்க்கவில்லை. தந்தையைத் தேடிப் பிடிக்கும்படி காவல் துறைத் தலைவருக்கு உத்தரவு 2016இலேயே கூட்டரசு நீதிமன்றத்தில் உறுதியாகியிருந்தது. நாட்டின் தலையாய நீதிமன்றத்தின் ஆணை நிறைவேறாமல் கிடப்பது நீதித்துறைக்கே ஏற்பட்ட காயம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தூக்குத் தண்டனை

2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. அனுமானத்தின் மேல் அனுமானம் அடுக்கி ஒருவரைத் தூக்கு வரை கொண்டுபோன பிரிவு அது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை ஒழிந்தது. மேல்முறையீடெல்லாம் முடிந்தவர்களும் தண்டனையைக் குறைக்கும்படி கூட்டரசு நீதிமன்றத்திடம் மனுச் செய்யத் தனிச் சட்டம் வழிசெய்து, அது செப்டம்பர் 12இல் அமலுக்கு வந்தது. தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுச் சிறை. ஆண்டுக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்த பலருக்கு அப்படிச் சிறைத் தண்டனையாக மாறியது. இதற்கும் பிறகு மிஞ்சுவது மன்னிப்பு வாரியம். கெடாவில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 42ஆம் விதிப்படி, கெடா சுல்தானுக்கு உரியது.

கால வரம்பு

சிவில் வழக்கில் கூட்டரசு நீதிமன்ற அனுமதிக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்ன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குற்ற வழக்கில் மேல்முறையீட்டு அறிவிப்புக்கான காலம் அதைவிடக் குறைவு. தாமதமானால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்பம். எழுத்து வடிவத் தீர்ப்பு கைக்கு வரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. முடிவு அறிவிக்கப்பட்ட தேதியை அன்றே குறித்துக்கொண்டு, அந்த வாரமே வழக்கறிஞரையோ சட்ட உதவி அலுவலகத்தையோ போய்ப் பாருங்கள்.