மூளைக்குள்ள ஒரு ஆனந்தம்

எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் ‘ஆனந்தம்’னா, 1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமணர் ஞாபகத்துக்கு வருவார். 1992-ல் அதே சொல் ஜெருசலேம் போச்சு. அங்கே ரஃபேல் மெக்கூலம் குழு, பன்றி மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரிச்சாங்க. கஞ்சா போய் ஒட்டுற அதே ஏற்பியில் ஒட்டுற, மூளையே தயாரிக்கிற பொருள். சமஸ்கிருத ‘ஆனந்த’வை எடுத்து ‘ஆனந்தமைடு’னு பேர் வெச்சாங்க.

1995-ல் இன்னொண்ணு கிடைச்சது: 2-ஏஜி. தலையில் அடிபட்ட சுண்டெலிகளோட மூளையில் இது கூடுதுன்னு 2001-ல் பார்த்தாங்க. வெளியிலிருந்தும் கொடுத்தப்போ மூளை வீக்கம் குறைஞ்சது. அழற்சியைத் தூண்டுற மரபணுக்களோட வேலையும் அடங்குதுன்னு 2006-ல் காட்டினாங்க. ஆக, பேர்தான் ஆனந்தம். வேலை காவலாவும் இருக்கலாம்.

அப்போ கஞ்சா அடிச்சா மூளைக்கு நல்லதா? இல்லைங்க. உடம்பு இதைத் தேவையான இடத்துல மட்டும் தயாரிச்சு, சீக்கிரமே சிதைச்சிடும். புகையோ மூளை முழுக்கப் போய், மணிக்கணக்கா நிக்கும். சுண்டெலியில் பார்த்த பாதுகாப்பு, மனுஷனுக்கு மருந்தா இன்னும் நிரூபணம் ஆகலை.