ஒரே பெயர், வேறு கணக்கு: ஆற்றல் மாதிரியாக்கத்தில் பொதுச் சொற்களஞ்சியம்

2023இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு எவ்வளவு? அந்நாட்டின் ஆற்றல், நீர்த் தொழில்களின் கூட்டமைப்பு சுமார் 52 சதவீதம் என்றது. பிரான்ஹோபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் ஏறக்குறைய 60 சதவீதம் என்றது. இரண்டும் சரியே. முதல் கணக்கில் வகுக்கும் எண் நாட்டின் மொத்த மின் நுகர்வு. இரண்டாவதில் அது பொதுக் கட்டமைப்புக்கு வந்து சேரும் நிகர உற்பத்தி. மின் நிலையங்கள் தம் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் செலவிடும் மின்சாரமும், தொழிற்சாலைகள் தமக்கென உற்பத்தி செய்துகொள்ளும் மின்சாரமும் அதில் சேராது. 2030க்குள் 80 சதவீதம் என்ற சட்டப்பூர்வ இலக்கு மொத்த நுகர்வை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. எனவே 60 என்ற எண்ணை அந்த இலக்கோடு நிறுத்திப் பார்க்கும் ஆய்வாளர், தூரத்தில் பெரும்பகுதி கடந்துவிட்டதாக எண்ணிவிடுவார்.

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்க ஆற்றல் அமைப்பு மாதிரியாளர்கள் சில ஆண்டுகளாகப் பொதுச் சொற்களஞ்சியம் ஒன்றைக் கட்டி வருகிறார்கள். எல்லோரும் ஒரே வரையறையை ஏற்றுக்கொண்டால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கை இம்முயற்சிக்குப் பின்னால் பலருக்கு உண்டு. அந்த நம்பிக்கை தவறானது என்பது என் வாதம். இத்துறையின் முக்கியச் சொற்கள் பலவற்றுள் ஒரு கணக்கீட்டுத் தேர்வு ஒளிந்திருக்கிறது. சொற்களஞ்சியத்தின் கடமை அத்தேர்வை வெளியே கொண்டுவருவது. எல்லோருக்குமாக ஒன்றைத் தேர்ந்து கொடுப்பது அதன் வேலை ஆகாது.

‘முதன்மை ஆற்றல்’ இதற்குத் தக்க சான்று. ஓர் அணுமின் நிலையமும் ஒரு காற்றாலைப் பண்ணையும் தலா 100 டெராவாட்-மணி மின்சாரம் தருவதாகக் கொள்வோம். சர்வதேச எரிசக்தி முகமையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டும் பின்பற்றும் இயற்பியல் உள்ளடக்க முறையில், அணு உலையின் வெப்பமே முதன்மை ஆற்றல். வெப்பம் மின்சாரமாவதன் திறன் 33 சதவீதம் என்று கொள்வதால் அணுமின்சாரம் ஏறத்தாழ 303 டெராவாட்-மணியாகவும், காற்று மின்சாரம் 100 ஆகவும் பதிவாகும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் அறிக்கைகளில் பெரிதும் கையாளப்படும் நேரடிச் சமமுறையில் இரண்டும் 100. மாற்றீட்டு முறையோ, அதே மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் எடுக்க எவ்வளவு எரிபொருள் வேண்டியிருக்கும் என்று கேட்கிறது. திறன் 40 சதவீதம் என்றால் இரண்டும் 250. காற்றையும் வெயிலையும் நம்பும் எதிர்காலக் காட்சி ஒன்று, முறையை மாற்றிய மாத்திரத்தில் ஆற்றலைச் சிக்கனம் செய்வதாகவும் விரயம் செய்வதாகவும் தோற்றம் தரும். இம்மூன்றில் எது ‘உண்மை’ என்று கேட்பதில் பயனில்லை. வெப்பச் சமநிலையை ஆராய்பவருக்கு முதல் முறை வசதி. தவிர்க்கப்பட்ட நிலக்கரியைக் கணிப்பவருக்கு மூன்றாவது.

எரிபொருளின் கலோரி மதிப்பிலும் இதே கதைதான். புகையோடு வெளியேறும் நீராவியின் உள்ளுறை வெப்பத்தைச் சேர்த்தால் மொத்தக் கலோரி மதிப்பு, விட்டால் நிகர மதிப்பு. இயற்கை எரிவாயுவில் இவற்றின் வேறுபாடு சுமார் 10 சதவீதம், நிலக்கரியில் சுமார் 5. இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகள் அனல் நிலையங்களின் வெப்ப வீதத்தை (ஓர் அலகு மின்சாரத்துக்கு ஆகும் எரிபொருள் வெப்பம்) மொத்த மதிப்பில் கணக்கிடுகின்றன. சர்வதேச எரிசக்தி முகமையின் சமநிலை அட்டவணைகள் நிகர மதிப்பில் அமைந்தவை. இங்கே 36 சதவீதத் திறன் என்று பதிவாகும் நிலையம் அங்கே 38ஐ நெருங்கும். நிலையத்தில் யாரும் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சொற்களைப் பொதுவாக்கும் இரு வழிகளுள் இதுவரை பரவலாக வென்றிருப்பது பட்டியல் வழி. 2007இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த மதிப்பீட்டு மாதிரியாக்கக் கூட்டமைப்பு ஓர் எளிய அட்டவணை வடிவத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது: மாதிரி, காட்சி, நிலப்பகுதி, மாறி, அலகு, ஆண்டு. மாறியின் பெயரில் ‘முதன்மை ஆற்றல்’ என்று எழுதி, ஒரு செங்குத்துக் கோடிட்டு, ‘நிலக்கரி’ என்று சேர்த்தால் போதும். வியன்னாவை அடுத்த லாக்சன்பர்க்கில் உள்ள பன்னாட்டுப் பயன்முறை அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனம் இவ்வடிவில்தான் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைக்கான தரவுத்தளத்தைத் தொகுத்தது. 3,100க்கும் மேற்பட்ட காட்சிகள் வந்து சேர்ந்தன. சமர்ப்பிக்க வேண்டுமானால் இந்த வடிவில் கொடு என்ற நிபந்தனை, எந்தக் கருத்தரங்கத் தீர்மானத்தையும்விட வேகமாகச் சொற்களைப் பொதுவாக்கியது. இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவோர், தரவைத் தம் கையால் ஒருங்கிணைத்துப் பார்க்காதவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பட்டியலுக்குப் பெயர் தெரியும், பொருள் தெரியாது. கணக்கீட்டு முறை பற்றிய அறிவுறுத்தல் வழிகாட்டி உரையில் இருக்கும். அட்டவணையின் கட்டத்தில் இருக்காது. ஆறாவது அறிக்கைக்கான சல்லடை, காட்சிகளின் அடிப்படை ஆண்டு எண்களை வரலாற்றுத் தரவோடு ஒப்பிட்டது. முதன்மை ஆற்றலுக்கு 20 சதவீத விலகல் வரை அனுமதி. அந்த அடிப்படை ஆண்டில் உலக முதன்மை ஆற்றல் சுமார் 580 எக்ஸாஜூல், அணுமின்சாரம் சுமார் 10. ஒரு குழு அறிவுறுத்தலைக் கவனிக்காமல் அணு வெப்பத்தைக் கணக்கில் கொண்டு 30 என்று சேர்த்திருந்தாலும், மொத்தத்தில் பிசகு 4 சதவீதத்தைத் தாண்டாது. அப்படி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தால் அந்தச் சல்லடையில் சிக்காது என்பதே செய்தி.

இரண்டாவது வழி ஆன்டாலஜி: ஒரு துறையின் பொருள்கள், செயல்கள், பண்புகள், அவற்றுக்கிடையிலான உறவுகள் ஆகியவற்றைக் கணினி தர்க்கப்படி சரிபார்க்கும் வண்ணம் வரையறுக்கும் தொகுப்பு. ஜெர்மன் ஆய்வுக் குழுக்கள் பல சேர்ந்து உருவாக்கிவரும் ஓப்பன் எனர்ஜி ஆன்டாலஜி இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 2021இல் இதை விரிவாக அறிமுகப்படுத்தும் கட்டுரை வெளியானது. ஒவ்வொரு சொல்லும் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டே உள்ளே வருகிறது. 2014இல் பெர்லினில் உருவான ஓப்பன்மாட் என்னும் திறந்தநிலை மாதிரியாளர் வட்டத்தின் மனப்பாங்கு இதிலும் தெரிகிறது. இதன் அடித்தளம், அதே 2021இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட பேசிக் பார்மல் ஆன்டாலஜி. அது காலத்தில் நிலைத்திருப்பதையும் காலத்தில் நிகழ்வதையும் முதலிலேயே பிரித்துவிடும். மின் நிலையம் ஒரு பொருள், மின்னுற்பத்தி ஒரு நிகழ்வு, நிறுவுதிறன் பொருளைப் பற்றிய கூற்று. இந்தப் பாகுபாடு ஏட்டளவில் சுருக்கமாகத் தெரிந்தாலும், ‘திறன்’ என்ற ஒரே நிரலில் ஒருவர் மொத்த நிறுவுதிறனையும் இன்னொருவர் நிகரத் திறனையும் இட்டு நிரப்பும்போது அதன் அருமை விளங்கும்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் உண்டு; அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேற்படி அடித்தளம் மெய்ம்மைவாதத்தில் ஊன்றியது. இருப்பவற்றை மட்டுமே வகைப்படுத்துவேன் என்பது அதன் கொள்கை. ஆற்றல் மாதிரியாளரோ 2050இல் இருக்கக்கூடும் என்று கருதும் காற்றாலைகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார். இந்த முடிச்சை, எதிர்காலக் காட்சி என்பதை உலகத்தின் ஒரு துண்டாகக் கொள்ளாமல் தகவல் உள்ளடக்கமாகக் கொண்டு அவிழ்த்திருக்கிறார்கள்: முரணற்ற ஊகங்களின் மேல் நிற்கும் கூற்றுகளின் தொகுப்பே காட்சி. இது வெறும் சமாளிப்பு என்பாரும் உளர். எனக்கு அப்படிப் படவில்லை. காட்சியை முன்கணிப்பாகப் படிக்கும் பழக்கம் கொள்கை வகுப்போரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்கு எதிரான தர்க்கக் காப்பு இந்த வரையறையிலேயே அமைந்திருக்கிறது.

பொது வரையறைக்கு எதிரான வலுவான வாதம் வேறிடத்திலிருந்து வருகிறது. இத்துறையின் சொற்களுக்குச் சட்டமும் பணமும் பொருள் வகுக்கின்றன. இந்தியாவில் 2019 மார்ச் வரை 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் புதுப்பிக்கத்தக்கவை என்ற கணக்கில் வரவில்லை. அமைச்சரவை முடிவால் பின்னர் வந்தன. அந்த எல்லையைக் கவனிக்காமல் வரைந்த காலவரிசை திடீரென்று துள்ளும். அணைகளில் ஒரு சொட்டு நீரும் கூடியிராது. பசுமை ஹைட்ரஜன் இன்னும் நெருடலானது. 2023 ஆகஸ்டில் இந்தியா வகுத்த தரத்தின்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுச் சமானம்தான் உச்சவரம்பு. உற்பத்தி ஆலையின் வாசலோடு கணக்கு முடிகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதியில் வரம்பு கிட்டத்தட்ட 3.4 கிலோ, ஆனால் அங்கே போக்குவரத்தும் கணக்கில் சேரும், பயன்படுத்தும் மின்சாரத்தின் மூலத்துக்கும் கடும் நிபந்தனைகள் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து எது தளர்வான விதி என்று தீர்ப்பளிக்க முடியாது. இவ்விரண்டுக்கும் பொதுவாக ஒரு வரையறை எழுதினால் அது இரண்டு சட்டத்துக்கும் பொருந்தாது. விதியின் பெயர், கணக்கின் எல்லை, நடைமுறைக்கு வந்த நாள் ஆகிய மூன்றையும் சுமக்கும் இரு தனிப் பதிவுகளே வேண்டும்.

அப்படியானால் பட்டியலை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அட்டவணை அப்படியே இருக்கட்டும். கணக்கு கிளைபிரியும் சில டஜன் சொற்களுக்கு மட்டும் ஆன்டாலஜியின் நிலையான அடையாள எண்ணை இணைத்தால் போதும். அனைத்தையும் வரையறுத்து முடித்த பிறகே பயன்பாடு என்று காத்திருந்தால் சொற்களஞ்சியம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். உயிரியலில் ஜீன் ஆன்டாலஜி 1998இல் பழ ஈ, ஈஸ்ட், எலி என்ற மூன்று உயிரிகளின் தரவுத்தளங்களோடு சிறிதாகத் தொடங்கியது. மரபணுக்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவோர் அன்றாடம் அதைக் கையாண்டதால் வளர்ந்தது. ஆற்றல் துறையில் அத்தகைய அன்றாடப் பயன்பாடு இன்னும் போதவில்லை. வரையறை எழுதும் பணியும் பெரும்பாலும் குறுகிய கால ஆய்வுத் திட்ட நிதியில் நடக்கிறது. திட்டம் முடிந்தால் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு உறுதியான விடை வேண்டும்.

இந்த நிலையை மாற்றும் அதிகாரம் ஆய்விதழ்களின் கையில் இருக்கிறது. முதன்மை ஆற்றலைக் கணித்த முறை, கலோரி மதிப்பின் வகை, பங்குகளின் வகுக்கும் எண், நிறுவுதிறன் மொத்தமா நிகரமா என்பது ஆகிய நான்கையும் குறிப்பிடாத அட்டவணைகளை, மதிப்பீட்டுக்கு அனுப்பாமலேயே ஆசிரியருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.