நான்கு தேயிலைப் பொட்டலங்கள்

பெங்களூரில் மாகடி சாலைப் பக்கம் விஸ்வநீடம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள தபால் நிலையத்துக்கும் அதுவே பெயர். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களில் பலருக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரில் ஒரு சர்வோதய ஆசிரமம் இருந்தது தெரிந்திருக்காது. சதீஷ் குமார் அங்கே இருந்தவர். ராஜஸ்தானில் பிறந்து, ஒன்பது வயதில் சமணத் துறவியாகி, பதினெட்டில் துறவைத் துறந்து, நிலமற்றவர்களுக்காக நிலம் கேட்டு நடந்த விநோபாவின் பூதான இயக்கத்தில் சேர்ந்தவர். அவருடைய நண்பர் இ. பி. மேனன், கேரளத்துக்காரர்.

இருவரும் பெங்களூர் ஹோட்டல் ஒன்றில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பத்திரிகைச் செய்தி கண்ணில் பட்டது. அணு ஆயுதத்துக்கு எதிராக லண்டனில் போராடியதற்காகத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். 1961 செப்டம்பர் அது. ரஸ்ஸலுக்கு அப்போது வயது 89. அந்தக் கிழவர் ஜெயிலுக்குப் போகிறார், நாம் இங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறோமே என்ற உறுத்தலில் பேச்சு நீண்டது. அணுகுண்டு வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களுக்கும் நடந்தே போவது என்று முடிவானது: மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன்.

ஆசி கேட்கப் போனவர்களுக்கு விநோபா இரண்டு நிபந்தனைகள் வைத்தார். கையில் காசு கூடாது. சைவ உணவை விடக் கூடாது. காசிருந்தால் விடுதியில் தூங்கி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவீர்கள், இல்லாவிட்டால்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்பது அவர் கணக்கு. இறைச்சி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கும். ஆண்டுக்கணக்கில் இந்தியா முழுக்க நடந்த மனிதருக்குத்தான் இப்படி யோசிக்க வரும்.

1962 ஜூனில் டெல்லியில் காந்தி சமாதியான ராஜ்காட்டிலிருந்து புறப்பட்டார்கள். பாகிஸ்தான் எல்லையில் வழியனுப்ப வந்த ஒரு தோழி, அந்தப் பக்கம் என்ன கிடைக்குமோ என்ற பதைப்பில் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார். சதீஷ் குமார் வாங்க மறுத்தார். அதை வாங்கிக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்களை நம்பவில்லை என்றுதானே ஆகும் என்றார். எல்லையைத் தாண்டியதும், இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டுக் காத்திருந்த ஒருவர் லாகூருக்கு விருந்தாளிகளாக அழைத்துப் போனார். வெறுங்கையோடு போனவர்களுக்கு முதல் வீடு அப்படித்தான் திறந்தது.

பிறகு கைபர் கணவாய், ஆப்கானிஸ்தான், ஈரான். அங்கிருந்து சோவியத் மண். அவர்கள் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டு அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகம் அணுப்போரின் விளிம்புவரை போய்த் திரும்பியது.

இந்தக் கதையின் நாயகனான தேயிலை கருங்கடல் ஓரத்தில்தான் வருகிறது. அந்தப் பக்கத்துத் தேயிலைக்குப் பூர்வீகம் சீனா. லியு ஜுன்ஜோ என்ற சீன வல்லுநர் 1893இல் ஜார்ஜியாவின் சாக்வாவுக்கு வந்து தேயிலை வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். சோவியத் ஒன்றியம் விளைவித்த தேயிலையில் பெரும்பகுதி ஜார்ஜியாவுடையது. அப்படியொரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்ற இரண்டு பெண்களிடம் இவர்கள் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்கள் உள்ளே அழைத்து டீயும் சாப்பாடும் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு பெண் வெளியே போய் நான்கு தேயிலைப் பொட்டலங்களோடு திரும்பினார். உங்களுக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. கூடவே ஒரு சேதி: அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால், கொஞ்சம் பொறுத்து, இதில் ஒரு கோப்பை டீ போட்டுக் குடியுங்கள், அதற்குள் எங்களைப் போன்றவர்களின் நினைப்பு வரும்.

பழநிக்கு நடக்கிறவர் கையில், போக முடியாத பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் துணியில் காசை முடிந்து கொடுத்து, எங்க பேரில் உண்டியல்ல போட்டுடுங்க என்பாரே, அந்த முடிச்சுதான் இது. எல்லையில் சோற்றுப் பொட்டலத்தை மறுத்தவர் இதை ஏன் வாங்கினார் என்பதும் அதில் புரிந்துவிடுகிறது. அது தன் வயிற்றுக்கு, இது இன்னொருவரின் வேண்டுதல். அதுவரை தங்கள் கொள்கையைச் சுமந்து நடந்த இரண்டு இளைஞர்களை, ஊர் பேர் பதிவாகாத ஒரு தொழிலாளிப் பெண் தன் தூதர்களாக்கிவிட்டார். அந்த நடையிலேயே பெரிய திருப்பம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

தேயிலையைக் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. ஈரத்தை இழுக்கும், பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பனியில் நடந்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கி, அதைக் கெடாமல் காக்க வேண்டும்.

முதல் பொட்டலம் மாஸ்கோவில் சேர்ந்தது. போலந்தையும் ஜெர்மனியையும் தாண்டி பாரிஸ் வந்தபோது பிரெஞ்சு அதிபர் டி கோல் அவர்களைப் பார்க்கவில்லை. ஆர்ப்பாட்டம் செய்த இருவரையும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். தேயிலை அதிகாரிகள் வழியாகத்தான் போனது. மூன்றாவது லண்டனுக்கு. பிரிட்டனில், இத்தனைக்கும் காரணமான ரஸ்ஸலையே நேரில் பார்த்தார்கள். பிறகு கப்பலேறி அமெரிக்கா.

நான்காவது பொட்டலம் போய்ச் சேருமுன் அதற்குரியவர் இல்லாமல் போனார். அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தேயிலையை வெள்ளை மாளிகையில் ஒப்படைத்தார்கள். காந்தி சமாதியில் தொடங்கிய, சுமார் 8,000 மைல் நீண்ட அந்தப் பயணம் ஆர்லிங்டனில் கென்னடியின் கல்லறையில் முடிந்தது. சுடப்பட்டு இறந்த இருவரின் சமாதிகளுக்கு நடுவே ஒரு யாத்திரை.

அந்தத் தேயிலையை யாராவது கொதிக்க வைத்தார்களா என்று பதிவில்லை. ஆனால் 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் நிலத்தடியைத் தவிர வேறெங்கும் அணுகுண்டு சோதனை செய்வதில்லை என்று மாஸ்கோவில் கையெழுத்திட்டன. பிரான்ஸ் சேரவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில், தேயிலையின் தாய்நாடான சீனா தன் முதல் குண்டை வெடித்தது.

சதீஷ் குமார் பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். ஐம்பது வயதானபோது, மறுபடியும் கையில் காசில்லாமல், அங்குள்ள புண்ணியத் தலங்களுக்கு நடந்தார். மேனன் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அன்று நான்கு பொட்டலம் போதுமாக இருந்தது. இன்று அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. அதில் இரண்டு, அந்த இருவரும் முதலில் நடந்து கடந்த இந்தியாவும் பாகிஸ்தானும்.