கண்ணுக்குள் குடியேறிய வில்லை

திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர்களில் முதியோர் அணிந்திருந்த ‘சோடாபுட்டிக் கண்ணாடி’யை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். என் அப்பத்தாவும் அதை அணிந்தவரே. தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கை நீட்டுவார்; கையோ செம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றைப் பிடிக்கும். சிறுவனாயிருந்த நான் சிரித்ததுண்டு. அதன் காரணம் ஒளியியலில் இருக்கிறது என்பது, பின்னாளில் அப்பாடத்தை நானே நடத்தத் தொடங்கியபோதுதான் விளங்கிற்று.

கண்ணின் இயற்கை வில்லை மங்கிப்போவதே கண்புரை. அக்காலத்து அறுவையில் வில்லையை அதன் உறையோடு முழுவதுமாக அகற்றிவிடுவர். கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இதில் மூன்றில் ஒரு பங்கு வில்லையால் வருவது. இந்த இழப்பை ஈடுசெய்ய, கண்ணுக்கு வெளியே சுமார் 10 டயாப்டர் திறனுள்ள தடித்த குவிவில்லையை அணிய வேண்டும். அதன் வழியே பொருள்கள் கால் பங்கு பெரிதாகத் தோன்றும். பெரிதாகத் தோன்றுவது அருகிலிருப்பதாகவும் தோன்றும். செம்பு தப்பியது இதனால்தான். கண்ணாடி உடைந்துவிட்டாலோ, அறுவை செய்தும் பயனில்லை.

வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? இங்கிலாந்து மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949-இல் அதைச் செய்து பார்த்தார். போரில் விமானிகளின் கண்களில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குத் தீங்கு செய்யாமல் கிடந்ததை அவர் கண்டிருந்தார். ஆனால் அந்த வில்லை நம் சிற்றூர்க் கண்களை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தத் தாமதம் எப்படித் தீர்ந்தது என்பதே நம் கதை.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (திண்டுக்கல்லும் அப்போது மதுரை மாவட்டமே, தனி மாவட்டமானது 1985-இல்.) மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். அங்கே ஓர் அறுவை மருத்துவர்க்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். ஆயத்தப் பணிகளைப் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் கவனித்தனர். கட்டணம் தருவோரின் பணம் தர இயலாதோரின் செலவையும் தாங்கிற்று.

1980-களில் உள்விழி வில்லை வந்தபோது இந்த ஏற்பாட்டுக்கே சோதனை வந்தது. புதிய முறையில் வில்லையின் பின்னுறையை விட்டுவைக்க வேண்டும்; நுண்ணோக்கி வேண்டும்; கைதேர்ந்த மருத்துவர்களும் மறுபடி மாணவராக வேண்டும். இறக்குமதி வில்லை ஒன்றின் விலையோ 100 டாலர் அளவில். வசதியுள்ளவர்க்கு வில்லை, ஏழைக்குச் சோடாபுட்டி என்ற நிலை உருவாயிற்று. ஏழை நாடுகளுக்கு இது ஆடம்பரம் என்ற வல்லுநர்களும் உண்டு. அவ்வாதம் எனக்கு என்றுமே விளங்கியதில்லை: செம்பைச் சரியாகப் பிடிப்பது எப்படி ஆடம்பரமாகும்?

மருத்துவமனை எடுத்த முடிவு துணிச்சலானது. 1992-இல் ‘ஆரோலேப்’ என்ற தொழிற்கூடத்தை நிறுவி, வில்லையைத் தானே செய்யத் தொடங்கியது. விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. பிற மருத்துவமனைகளும் அதை வாங்கின. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. அப்பத்தாவின் இரண்டாவது கண்ணிலும் ஓர் உள்விழி வில்லை ஏறியது. கண்ணாடி தகரப்பெட்டிக்குள் போயிற்று.

இத்துடன் நின்றிருந்தால் வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். ஆனால் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு கசப்பான செய்தியைச் சொன்னது. இலவச முகாம் நடந்த ஊர்களிலும், கண் கோளாறு உடையோரில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே! முகாம் வரும் நாளில் களையெடுப்பு இருக்கும், துணைக்கு ஆள் இருக்காது, பயமும் இருக்கும். தம் முகாம்களின் பெருமையையே உடைக்கும் இக்கணக்கை நிறுவனத்தார் மூடிவைக்கவில்லை. சிற்றூர்களை ஒட்டி ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கண் மையங்களை அமைத்தனர். அங்குள்ள பணிப்பெண் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்ப, நகரத்திலுள்ள மருத்துவர் அதைப் பார்த்து, திரை வழியே நோயாளியோடு பேசுகிறார்.