நியூ ஆர்லியன்சின் கரைகளும் ஈராக் போரின் கணக்கும்

2005 ஆகஸ்ட் 29 அன்று வந்த கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகளுக்குப் போக வேண்டிய பணத்தை ஈராக் போர் விழுங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி போருக்கு வெகுகாலம் முந்தையது.

17ஆம் தெருக் கால்வாயில் வெள்ளம் சுவரைத் தாண்டி வழியவில்லை. சுவரே அடியோடு சரிந்தது. சுவருக்கு அடியில் அறைந்த இரும்புத் தகடுகள் போதிய ஆழம் இறங்கவில்லை. கீழே இருந்ததோ இளகிய களிமண். 1980களில் நடந்த ஒரு சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டு, குறைந்த ஆழமே போதும், செலவும் மிச்சம் என்று முடிவெடுத்தது ராணுவப் பொறியாளர் படை. கரை கட்டுவது அமெரிக்காவில் ராணுவத்தின் ஒரு பிரிவுதான் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

கரைத் திட்டத்தின் வரலாறு இன்னும் வேதனையானது. 1965இல் பெட்சி புயலுக்குப் பின் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. 8.5 கோடி டாலர் செலவில் 13 ஆண்டுகளில் முடியும் என்றார்கள். 2005இல் மதிப்பீடு 73.8 கோடியாகியிருந்தது, முடியும் ஆண்டு 2015க்குத் தள்ளிப்போயிருந்தது. செலவில் 30 விழுக்காட்டை உள்ளூர் நிர்வாகங்களே ஏற்க வேண்டும். மீதியையும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போருக்கு இப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுகளுக்காக 2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் சுமார் 8,700 கோடி டாலரை அவசர ஒதுக்கீடாக அளித்தது. அது வழக்கமான பட்ஜெட் வரம்புக்கு வெளியே போன பணம். ஆக, கரைக்கு வைத்திருந்த காசைப் பறித்துப் போருக்குக் கொடுத்தார்கள் என்பதைவிட, இரண்டையும் இரு வேறு தராசுகளில் நிறுத்தார்கள் என்பதே சரி. எதிரி வரக்கூடும் என்ற அச்சத்துக்குக் கேட்டதும் பணம் வந்தது. புயல் வரும் என்ற அறிவியல் கணிப்போ நாற்பது ஆண்டுகள் வரிசையில் நின்றது.

பணத்தில் மட்டுமல்ல, ஆட்களிலும் போரே முந்திக்கொண்டது. புயல் அடித்தபோது, மீட்புப் பணிக்கு வர வேண்டிய லூசியானா மாநிலத் தேசியக் காவல் படையினர் சுமார் 3,000 பேர் ஈராக்கில் இருந்தார்கள்.

அழிவுக்குப் பிறகு பணம் தடையின்றி வந்தது. சுமார் 1,450 கோடி டாலரில் புதிய கரைகளும் மதகுகளும் எழுந்தன. 2021இல் ஐடா புயலை அவை தாங்கின. முடியாத காரியம் எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நூற்றாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கும் அளவுக்கே அவற்றை வடிவமைத்தார்கள். நெதர்லாந்தோ 1953 பெருவெள்ளத்துக்குப் பின், தன் மையப் பகுதிக்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவை வகுத்தது. நியூ ஆர்லியன்சிலோ நிலம் அமிழ்கிறது, கடல் உயர்கிறது. உயர்த்தாவிட்டால் 2023 முதலே இந்தக் கரைகள் போதாமல் போகலாம் என்று பொறியாளர் படையே 2019இல் அறிவித்தது. அந்தப் பணிக்கான நிதியையும் போர்ச் செலவுக்குக் காட்டிய அதே அவசரத்தோடு, அடுத்த புயலுக்கு முன்பே ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கடமை.