செல்லர்ஸ் போட்ட எங்கட வேஷம்

'த சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் வாற கடைக்கார அப்புவை எங்கட வயதுக்காரர் கனபேருக்குத் தெரியும். அந்த இழுத்து மடக்கின இந்திய ஆங்கிலக் குரலைக் கொடுத்தவர் ஹாங் அசாரியா என்ற அமெரிக்க நடிகர். 1968 இல் வந்த 'த பார்ட்டி' படத்தில் பீற்றர் செல்லர்ஸ் பேசின விதத்தைத்தான் பின்பற்றினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்ப செல்லர்ஸ் ஆர்? ஒரு பிரித்தானிய நகைச்சுவை நடிகர். இந்தியாவோடு அவருக்கு இருந்த சொந்தம், போர்க்காலத்தில் விமானப்படையோடு அங்கே போய் வந்தது மட்டும்தான்.

1925 செப்டெம்பர் 8 அன்று போர்ட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியில் பிறந்தவர். வைத்த பெயர் ரிச்சர்ட் ஹென்றி. ஆனால் தாய் தகப்பன் கூப்பிட்டது 'பீற்றர்' எண்டு. அது இவருக்கு முதல் இறந்தே பிறந்த அண்ணனின் பெயர். தாய் யூதர், தகப்பன் புரட்டஸ்தாந்துக்காரர், பிள்ளை படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். தாய் தகப்பன் இருவரும் மேடைக் கலைஞர்கள். தனக்கெண்டு ஒரு சொந்தக் குரல் இல்லை என்று இவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதை வாசிக்கும்போது எங்களுக்கு இந்தப் பெயர்க் கதைதான் முதலில் ஞாபகம் வரும்.

1943 இல் விமானப்படையில் சேர்ந்தார். கண்பார்வை குறைவு, விமானத்தில் ஏற ஏலாது. படையின் கலைக்குழுவில் போட்டார்கள். அங்கே அதிகாரிகளைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே கதைத்து ஆக்களை ஏமாற்றுவாராம். அந்தக் கள்ளத்தனம்தான் பிறகு சோறு போட்டது. 1948 இல் பி.பி.சி. தயாரிப்பாளர் ரோய் ஸ்பியருக்கு, அக்காலத்தில் பிரபலமான கென்னத் ஹோர்னின் குரலில் ஃபோன் எடுத்து, "செல்லர்ஸ் எண்டொரு பெடியன், கெட்டிக்காரன்" என்ற மாதிரித் தன்னைத் தானே சிபாரிசு செய்து வேலை பிடித்தார்.

1951 முதல் 1960 வரை ஓடிய 'த கூன் ஷோ' வானொலி நிகழ்ச்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டு போனது. எழுதியதில் பெரும்பங்கு ஸ்பைக் மில்லிகனுடையது. மில்லிகன் பிறந்தது இந்தியாவின் அகமத்நகரில், பிரித்தானிய இராணுவக்காரரின் மகனாக. இந்தியாவில் சேவை செய்த கோழை அதிகாரி பிளட்நொக் ஆகச் செல்லர்ஸ் பேசுவார். அதே நிகழ்ச்சியில் இந்தியர்களாகவும் இரண்டு பேரும் பேசுவார்கள். துரையையும் நக்கலடித்தார்கள், துரையிட்ட வேலை செய்தவனையும் நக்கலடித்தார்கள். இரண்டும் ஒரே நிறை எண்டு நாங்கள் சொல்லமாட்டம்.

1960 இல் வந்த 'த மில்லியனெயர்ஸ்' இன்னும் வெளிப்படையானது. பெர்னார்ட் ஷோவின் நாடகத்தில் அந்த வைத்தியர் எகிப்தியர். படத்தில் அவரை இந்தியராக்கி, செல்லர்ஸின் முகத்துக்குக் கறுப்புப் பூசி சோஃபியா லொரனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். படத்தை விளம்பரப்படுத்த இருவரும் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' பாட்டு பெரிய ஹிட். தயாரித்தவர் பின்னாளில் பீற்றில்ஸை உருவாக்கிய ஜோர்ஜ் மார்ட்டின். பிரித்தானியாவில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகள் அந்தப் பாட்டின் கேலியைக் கேட்டே வளர்ந்தார்கள். 90களில் மீரா சையல், சஞ்சீவ் பாஸ்கர் ஆக்கள் பி.பி.சி.யில் தங்கட நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அதே பெயரை வைத்தார்கள். அதில் இந்தியர் கூட்டமொன்று ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உறைப்பே இல்லாத சாப்பாடு கேட்டு அட்டகாசம் பண்ணுற காட்சி ஒண்டு வரும். பழிக்குப் பழி எண்டால் அது!

'த பார்ட்டி'யைப் பற்றித்தான் எங்களுக்குள் சண்டை. ஹ்ருந்தி பக்ஷி ஒரு துணை நடிகன். தவறுதலாகப் பெரிய இடத்து விருந்துக்கு அழைக்கப்படுகிறான். படம் தொடங்குவதே 'கங்கா தின்' மாதிரியான ஏகாதிபத்தியப் படமொன்றை நக்கலடித்து: சுடுபட்டும் சாகாமல் ஊதுகுழலை ஊதிக்கொண்டே இருப்பான். அந்த வீட்டில் மரியாதை தெரிந்த ஒரே மனிசனும் அவன்தான். ஆனால் தண்ணீரில் மிதந்து போற சப்பாத்தைப் பிடிக்கப் படுற பாட்டுக்கு உச்சரிப்பும் தேவையில்லை, முகப்பூச்சும் தேவையில்லை. நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தது அங்கேதான். அப்ப அந்தப் பூச்சு எதுக்கு?

அந்த நேரத்தில்தான் சத்யஜித் ராய் 'தி ஏலியன்' படத்துக்கு ஒரு மார்வாரி வியாபாரியாக நடிக்கச் செல்லர்ஸைக் கேட்டார். அதற்குள் இலங்கையும் இருக்கிறது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன்தான் இடைத்தரகர். 'ரன் முத்து தூவ' எடுத்தவர். கொலம்பியா நிறுவனம் காசு போட வந்தது. பிறகு பார்த்தால் திரைக்கதைப் பிரதியில் உரிமை வில்சனுக்கும் ராய்க்கும் என்று அச்சடித்திருந்தது. செல்லர்ஸ் விலகினார், படம் நின்றுபோனது. வில்சன் பின்னாளில் சுவாமி சிவகல்கி ஆகிக் கதிர்காமக் கந்தனிடம் போய்ச் சேர்ந்தார் என்பது தனிக் கதை. சிம்ப்சன்ஸ் அப்புவுக்கு அந்தப் பெயர் வந்தது ராயின் 'அப்பு' படங்களிலிருந்து. பெயர் ராயிட்டை இருந்து, குரல் செல்லர்ஸிட்டை இருந்து! அசாரியா 2020 இல் அந்தக் குரலை விட்டுவிட்டார்.

1964 இல் தொடர்ந்து வந்த மாரடைப்புகளுக்குப் பிறகு செல்லர்ஸின் உடம்பு முழுதாகத் தேறவில்லை. ஆனாலும் 1979 இல் 'பீயிங் தெயர்' வந்தது: தோட்டத்தையும் தொலைக்காட்சியையும் தவிர ஒன்றும் அறியாத ஒரு மனிதன், அவன் வாயில் வாறதை எல்லாம் ஞானம் எண்டு நம்பும் பெரிய மனிதர்கள். வேஷமில்லை, கோணங்கித்தனம் இல்லை. ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. 1980 ஜூலை 24 அன்று லண்டனில் இறந்தபோது வயது 54.

பார்க்க விரும்புறவை 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'வில் தொடங்குங்கோ. அதில் மூன்று பேராக வருவார். பிறகு 'பீயிங் தெயர்'. 'த பார்ட்டி'யைக் கடைசியாக, கூட்டமாக இருந்து பாருங்கோ. சண்டை பிடிக்க ஆள் வேணும்.